மட்டக்களப்பு–கல்முனை வீதியில் எந்தக் கியரில் உழக்குவது?

கேள்வி இதுதான். மட்டக்களப்பில் இருக்கும் ஒரு தம்பி பாவித்த ரோட் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு செயின் வீல். பின்னால் 11, 13, 15, 17, 19, 21, 24, 28 பல் என்று எட்டுப் பல்சக்கரம். சனி, ஞாயிறில் கல்முனை வரை போய் வருகிறார். முன்னால் பெரியதும் பின்னால் 13உம்தான் அவருடைய நிரந்தரக் கியர். மணிக்கு 22 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறார். களுவாஞ்சிகுடி தாண்டும்போது முழங்கால் நோகத் தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால்தான் சரி என்று எங்கோ வாசித்து, அதையும் முயன்றிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டிவிட்டதாம். இவ்வளவுக்கும் நடுவே சாதாரண லுமாலா சைக்கிளில் வரும் ஒரு மாமா, பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டே இவரை முந்திப் போகிறார். பிழை எங்கே, பின்னால் 32 பல் உள்ளதை வாங்கிப் போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கால் மிக மெதுவாகச் சுற்றுகிறது. நீங்கள் தந்த கணக்குப்படி அது நிமிடத்துக்கு 45 சுற்று. அதை 70க்கும் 80க்கும் இடையில் கொண்டுவாருங்கள். முன்னால் 50 அப்படியே இருக்கட்டும், பின்னால் 13ஐ விட்டு 21க்கு வாருங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம். அதே 22இல் போனால் கால் தானாக 73 சுற்றும். இதைச் செய்தாலே உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு தீரும். ஏன் என்று விளங்கினால் மற்றதையெல்லாம் நீங்களே முடிவெடுக்கலாம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நிமிடத்துக்குப் பெடல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைத்தான் கேடன்ஸ் என்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பதைத் தீர்மானிப்பது கியர். கணக்கு மிக எளிது. முன் பல்லைப் பின் பல்லால் பிரித்து, டயரின் சுற்றளவால் பெருக்குங்கள். உங்கள் 700-25 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர். 50ஐ 13ஆல் பிரித்து 2.1ஆல் பெருக்கினால் 8.1 மீற்றர் வரும். அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு சின்ன பஸ்ஸின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட நகர்கிறீர்கள். மணிக்கு 22 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 367 மீற்றர், அதை 8.1ஆல் பிரித்தால் 45. பின்னால் 21 போட்டால் ஒரு சுற்றுக்கு சரியாக 5 மீற்றர். இந்த 5 மீற்றரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இப்போது அந்த 90 கதை. நீங்கள் 90 சுற்ற முயன்றபோது கியரை மாற்றினீர்களா? மாற்றாமல் 50-13இலேயே முயன்றிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் கியரில் 90 சுற்றினால் வேகம் மணிக்கு 43 கிலோமீற்றருக்கு மேல். அது போட்டிக்காரர் கூட்டமாக ஓடும் வேகம். தனியாளாக அதைத் தொடர்ந்து தாங்கியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்கத் தேவையில்லை. கேடன்ஸைக் கூட்டச் சொன்னால் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது புதிதாக வருபவர்கள் அநேகம் பேரிடம் உள்ள குழப்பம். வேகம் அப்படியே நிற்க, கியர் இலேசாக, கால் மட்டும் விரைவாகச் சுற்ற வேண்டும். அதுதான் விஷயம்.

அந்த லுமாலா மாமாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அவருடைய சைக்கிளில்தான் இருக்கிறது. பழைய மாதிரி 28 அங்குல ஒற்றைக் கியர் சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பல் என்று வையுங்கள். டயரின் சுற்றளவு 2.2 மீற்றர். ஒரு சுற்றுக்கு 5.4 மீற்றர் நகரும். அவர் மணிக்கு 23 கிலோமீற்றரில் போனால் கால் நிமிடத்துக்கு 71 சுற்றுகிறது. பார்த்தீர்களா? உங்களுடைய 50-21க்கும் அவருடைய ஒரே கியருக்கும் இடையில் அரை மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. அந்தச் சைக்கிளை வடிவமைத்தவர்கள் சமதரையில் சாதாரண மனிதனின் கால் எந்த வேகத்தில் நோகாமல் சுற்றும் என்று தெரிந்துதான் அந்தப் பல் எண்ணிக்கையை வைத்தார்கள். மாமா தான் எந்தக் கியரில் போகிறோம் என்று யோசிப்பதே இல்லை. அவருக்குத் தெரிவு இல்லை, ஆனால் இருக்கும் ஒன்று எழுவான்கரைக்கு, அதாவது வாவிக்குக் கிழக்கே உள்ள இந்தக் கடலோரத்துக்கு, சரியான ஒன்று. உங்களுக்குப் பதினாறு தெரிவு இருந்தும், அதில் கனமான இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கனமான கியரால் முழங்கால் ஏன் நோகிறது? சைக்கிளை நகர்த்தும் வலு என்பது பெடலில் கொடுக்கும் விசையும் அது சுற்றும் வேகமும் சேர்ந்தது. காற்றில்லாத காலையில் உங்கள் வேகத்துக்கு 120 வாட் அளவு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 170 மில்லிமீற்றர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) நிமிடத்துக்கு 45 சுற்றி அந்த வலுவைக் கொடுக்க, சுற்று முழுவதும் சராசரியாக 15 கிலோ எடைக்குச் சமமான விசையால் பெடலைத் தள்ள வேண்டும். 75 சுற்றினால் 9 கிலோ போதும். இது சராசரிதான். கால் கீழே அழுத்தும் கட்டத்தில் உச்ச விசை இதைவிடக் கணிசமாகக் கூடும், மேலே வரும் கட்டத்தில் ஒன்றும் இராது. ஒரு மூட்டை நெல்லை ஒரே தூக்கில் வண்டியில் ஏற்றுவதா, இரண்டாகப் பிரித்து ஏற்றுவதா என்ற கணக்குத்தான். ஏறுகிற நெல் ஒன்று, இடுப்பு படும் பாடு வேறு.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அது நியாயமானதுதான். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 50-13இல் போனால் பெடல் 5,000 தரம் சுற்றினால் போதும். 50-21இல் 8,000 தரம் சுற்ற வேண்டும். 3,000 தரம் கூடுதலாக முழங்காலை மடக்கி நீட்டுவது மட்டும் நல்லதா என்று கேட்கலாம். மூட்டுக்கு இலேசான சுமையில் மடங்கி நீள்வது பெரிய விஷயமில்லை, அது அதற்காகவே உண்டானது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் நோவு வருவதற்கு வழக்கமான காரணம், கால் நன்றாக மடங்கியிருக்கும் நிலையில் பாரமாக அழுத்துவது. தசைக்கும் இதே கதை. பாரமாக அழுத்தும்போது விரைவில் களைக்கும் வகைத் தசைநார்களையும் உடல் வேலைக்கு எடுத்துவிடுகிறது, அவை தசையில் சேர்த்து வைத்த மாச்சத்தை வேகமாகத் தின்றுவிடும். இலேசாகச் சுற்றும்போது பாரம் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் மாறுகிறது. நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் கூடும், ஆனால் ஓய்ந்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். தொடைத் தசை களைத்துப்போனால் கல்லாற்றில் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் மீளாது.

சரி, அப்படியானால் 90, 100 என்று ஏற்றிக்கொண்டே போகலாமா? வேண்டாம். இணையத்தில் 90ஐ ஏதோ சட்டம்போல எழுதுகிறார்கள். அந்த எண்ணின் பெருமைக்கு லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கும் ஒரு காரணம். மலையிலும் 100ஐ ஒட்டிச் சுற்றிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஓடியவர் அவர். அவருடைய பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டது வேறு கதை. அதே மலைகளில் அவரோடு மோதிய ஜெர்மன்காரர் ஜான் உல்ரிச் கனமான கியரில் மெதுவாகச் சுற்றுவதற்குப் பேர் போனவர், 1997இல் அந்தப் போட்டியை வென்றவர். ஆக, உச்சத்தில் இருப்பவர்களிடமே ஒரே எண் இல்லை.

இன்னொன்று, அவர்கள் 300, 400 வாட்டில் ஓடுபவர்கள். உடல் குறைந்த ஒட்சிசன் செலவில் வேலை செய்யும் கேடன்ஸ், கொடுக்கிற வலு கூடக்கூட மேலே நகர்கிறது. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100 வாட்டில் அது 50 அளவிலும் 300 வாட்டில் 80ஐ ஒட்டியும் இருந்தது. அதாவது, நம் மாதிரி 100, 120 வாட்டில் உலாப் போகிறவர்கள் 95 சுற்றினால், சக்தியில் ஒரு பங்கு சொந்தக் காலையே தூக்கிச் சுழற்றுவதில் போய்விடும். அப்படியானால் 50, 55இலேயே நிற்கலாமே என்றால், ஒட்சிசன் மிச்சம்தான், ஆனால் ஒவ்வோர் அழுத்தும் கனம். இரண்டு மணித்தியால ஓட்டத்தில் தசையும் மூட்டும் அதற்கு விலை கொடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 70 முதல் 85 வரையான இடம் இருக்கிறது. பொழுதுபோக்காக ஓடுபவருக்கு நான் சொல்வது அதைத்தான். பழகப் பழக உங்கள் கால் தானாக 80ஐத் தாண்டினால் தாண்டட்டும். எண்ணுக்காகச் சுற்ற வேண்டாம்.

கனமான கியர்தான் ஆம்பிளைக் கியர் என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது. செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கியர் மாற்றியை அங்கே 1937இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டி, அந்தப் பக்கத்துப் பல்லில் ஏற வேண்டும். இலேசான கியர் கிழவர்களுக்கும் பலவீனர்களுக்கும் என்று அந்தக் காலத்தில் பேசியவர்கள் இருந்தார்கள். அனுமதி கிடைத்த பிறகு யாரும் பழையபடி சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவில்லை.

உங்கள் கேடன்ஸை அறிய மீட்டர் எதுவும் வாங்கத் தேவையில்லை. வலது முழங்கால் மேலே வருவதை 15 செக்கனுக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். 18 வந்தால் 72, 20 வந்தால் 80. கையில் மணிக்கூடு இருந்தால் போதும். வேகத்துக்கு வீதியோரக் கிலோமீற்றர் கல் இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து மற்றதற்கு மூன்று நிமிடம் எடுத்தால் மணிக்கு 20, இரண்டு நிமிடம் 24 செக்கன் எடுத்தால் 25. சில வாரம் இப்படி எண்ணினால், பிறகு எண்ணாமலே காலுக்குத் தெரிந்துவிடும்.

இனி நம் ஊருக்கு மிக முக்கியமான விஷயம், காற்று. பொதுவாகக் கியர் பற்றி எழுதுகிறவர்கள் மலையை வைத்துத்தான் எழுதுகிறார்கள். நமக்கு மலை ஏது? கல்லடிப் பாலம், ஓந்தாச்சிமடத்துப் பாலம், கல்லாற்றுப் பாலம், அவ்வளவுதான் ஏற்றம். அதனால்தான் இங்கே கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் ஒரு கியரில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள், மாற்றச் சொல்லி வீதி அவர்களை வற்புறுத்துவதில்லை. ஆனால் எழுவான்கரையிலும் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் மலையின் வேலையைக் காற்று செய்கிறது. மலையாவது கண்ணுக்குத் தெரியும், முன்கூட்டியே கியரை இறக்கலாம். காற்று தெரியாது. வேகம் 22இலிருந்து 17க்கு இறங்கிய பிறகுதான் விளங்கும், அதற்குள் கால் அரைவாசி செத்திருக்கும்.

காற்றின் தடை, காற்றோடு ஒப்பிட்ட உங்கள் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 25இல் போகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 15 கிலோமீற்றர் வேகக் காற்று வந்தால், உடம்பில் மோதுவது 40 கிலோமீற்றர் காற்று. தடை இரண்டரை மடங்குக்கு மேல். அதே காற்று முதுகில் வந்தால் மோதுவது 10 மட்டும். தடை ஆறில் ஒரு பங்காகிவிடும். ஒரே வீதி, ஒரே சைக்கிள், ஒரே வேகம், ஆனால் போகும்போதும் வரும்போதும் கால் செய்ய வேண்டிய வேலையில் இவ்வளவு வித்தியாசம்.

வாடைக் காலத்தை எடுங்கள். காற்று வடகிழக்கிலிருந்து வரும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குத் தெற்கே போகும்போது அது முதுகுப் பக்கம், 50-13 பஞ்சுபோல ஓடும், மருதமுனையில் இறங்கும்போது நான் எவ்வளவு திறம் என்று தோன்றும். அது வாடையின் திறம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில். அதே கியரைப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் குருக்கள்மடம் வருவதற்குள் முடிந்துவிடும். வேகத்தை விட்டுவிடுங்கள். காற்றை எதிர்த்து 18 வந்தால் 18 போதும். சின்னச் செயின் வீலுக்கு வந்து பின்னால் 19 போட்டால் 18இல் கால் 80 சுற்றும். 17 போட்டால் 71. உங்கள் கால் போகும்போது சுற்றிய அதே வேகத்தில் வரும்போதும் சுற்றினால் கியரைச் சரியாகப் பாவிக்கிறீர்கள் என்று அர்த்தம். வேகமானி காட்டுவது காற்றின் கணக்கையும் சேர்த்துத்தான், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

கச்சான் வேறு மாதிரி. வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அனலாக வரும். கல்முனை வீதியில் அது பெரும்பாலும் பக்கக் காற்று. வீடும் மதிலும் தென்னையும் மறைக்கும் இடங்களில் தெரியாது, பாலத்தில் ஏறியதும் வாவிப் பக்கமிருந்து ஒரு தள்ளுத் தள்ளும். அந்த இடங்களில் கனமான கியரில் உடம்பை ஆட்டி ஆட்டி உழக்கினால் சைக்கிள் நேராக நிற்காது. பாலத்துக்கு முன்னரே ஒரு பல் இலேசாக்கிக்கொண்டு சீராகச் சுற்றுவது நல்லது, பின்னால் பஸ் வரும் இடம் அது. கச்சான் காலத்தில் கடற்கரை வீதியை விட்டு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கம் மேற்கே போவதாக இருந்தால் வெள்ளாப்பிலேயே புறப்படுங்கள். வயல்வெளியில் மறைப்பு ஒன்றுமில்லை, வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும். போகும்போது எதிர்க்காற்றை இளங்காற்றாகச் சந்தித்து, வெயில் ஏறியபின் அதையே முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். பின்னேரம் போகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை, அவர்கள் முதல் பாதியை முழுவதும் சின்னச் செயின் வீலில் ஓடத் தயாராகப் போக வேண்டும். அனலில் தண்ணீர் குடிப்பதைத் தாகம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

முதுகில் காற்று வரும்போது என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். அப்போது 17, 15 என்று கனமாக்கலாம், தாராளமாக. 50-15இல் மணிக்கு 32 போனால் கால் 76தான் சுற்றுகிறது. கனமான கியர் இருப்பது அதற்குத்தான். 11 பல்லை மட்டும் நம் வீதிகளில் எப்போது பாவிப்பது என்று எனக்கு இன்னும் ஒரு நியாயமான சந்தர்ப்பம் தோன்றவில்லை. 75 சுற்றினாலே அது 43 கிலோமீற்றர் வேகம்.

கியர் மாற்றும் முறை பற்றிச் சுருக்கமாக. உங்களிடம் பதினாறு கியர் இருப்பதாகக் கணக்கு, ஆனால் பல ஒன்றோடொன்று ஒத்தவை. 50-24 ஒரு சுற்றுக்கு 4.4 மீற்றர், 34-17 என்றால் 4.2. பெரியதும் பெரியதும் (50-28), சின்னதும் சின்னதும் (34-11) சேர்த்துப் போடாதீர்கள், செயின் குறுக்காக இழுபட்டுச் சத்தம் போடும், தேயும். காற்றில்லாத நாளில் முன்னால் 50ஐ வைத்துப் பின்னால் 17, 19, 21 மூன்றுக்குள் விளையாடினாலே போதும். 21இலும் பாரமாக இருந்தால் முன்னால் 34க்கு இறக்குங்கள். அப்படி இறக்கியதும் கால் திடீரென்று வெறுமையாகச் சுற்றும், ஆகவே உடனேயே பின்னால் இரண்டு படி கனமாக்கி 17க்கு வந்தால் ஒரு படி மட்டும் இலேசான கியர் கிடைக்கும். மாற்றுகிற அந்த அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைக் குறையுங்கள், ஆனால் சுற்றுவதை நிறுத்தக்கூடாது. நின்ற பிறகு மாற்ற முடியாது என்பதால், நிற்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் முன்னரே மாற்றிவிடுங்கள். காத்தான்குடிக்குள் நுழையும்போது, அந்தப் பேரீச்சை மரங்களைக் கண்டவுடனேயே, 24க்கோ சின்னச் செயின் வீலுக்கோ வந்துவிடுவது நல்லது. அங்கே பத்து அடிக்கு ஒருதரம் ஓட்டோ குறுக்கே வரும், ஒவ்வொரு தரமும் 50-13இல் நின்று எழுந்து மிதித்துப் புறப்படுவது முழங்காலுக்குச் செய்கிற அநியாயம்.

கியரைச் சரிசெய்த பிறகும் கால் விரைவாகச் சுற்ற மறுத்தால் சீட்டைப் பாருங்கள். நம் ஆட்களில் அநேகர் சீட்டைப் பதித்து வைத்திருப்பார்கள், இருந்தபடியே இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்பதற்காக. ரோட் சைக்கிளில் அது சரிவராது. பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து உழக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும், அதுதான் வேண்டிய உயரம். சீட் பதிந்திருந்தால் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடங்கும். அந்த மடிப்பிலிருந்து கனமான கியரை அழுத்துவதுதான் முன்பக்க நோவுக்கு நேர்வழி. நோவு முழங்காலின் பின்பக்கம் என்றால் பெரும்பாலும் சீட் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. பாதத்தின் நடுக்குழியைப் பெடலில் வைத்து உழக்கும் பழக்கத்தையும் விடுங்கள். செருப்போடு ஓடுகிறவர்களுக்கு அது தானாக வந்துவிடும், செருப்பு வழுக்கும் என்ற பயத்தில். ஒரு மெல்லிய, அடி இறுக்கமான சப்பாத்து போதும். விசேஷ சப்பாத்துக்கு இப்போது அவசரமில்லை.

பழக்குவதற்கு ஒரு வழி. உடனே 21க்குப் போகாமல், முதல் இரண்டு வாரம் பின்னால் 17, 19 போட்டு 60, 65இல் ஓடுங்கள், அதற்குப் பின் 70, அப்புறம் 75. ஒரேயடியாக 45இலிருந்து 80க்குத் தாவினால் காலும் இடுப்பும் இசையாது, பழையபடி 13க்கே போய்விடுவீர்கள். வாரத்தில் ஒருநாள் கல்லடி கடற்கரை வீதி மாதிரி வாகனம் குறைந்த இடத்தில், 34-17 போல இலேசான கியரில், ஒரு நிமிடம் 95, 100 என்று சுற்றிப் பாருங்கள், பிறகு இரண்டு நிமிடம் சும்மா, திரும்ப ஒரு நிமிடம். ஐந்தாறு தரம் போதும். சீட்டில் உடம்பு துள்ளத் தொடங்கினால் அதுதான் இப்போதைக்கு உங்கள் எல்லை, அதற்குக் கீழே ஐந்து குறைத்துப் பிடியுங்கள். இது நெஞ்சுக்கான பயிற்சி அல்ல, எந்தத் தசை எப்போது வேலைசெய்ய வேண்டும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று காலுக்குப் பழக்குவது. ஒரு கால் கீழே அழுத்தும்போது மற்றக் காலின் பாரம் பெடலில் கிடந்தால், முதல் கால் அதையும் சேர்த்துத் தூக்குகிறது என்பதை மறக்காதீர்கள். புதியவர்களின் மூச்சு அதிலும் கொஞ்சம் போகிறது.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகும் நோவு நின்றால், அல்லது முழங்கால் வீங்கினால், கியரை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

கடைசியாக, பின்னால் 32 பல். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரமாக ஓடுவதற்கு அது தேவையே இல்லை. உங்களிடம் இருக்கும் 34-28 ஒரு சுற்றுக்கு 2.55 மீற்றர்தான், எந்த வாடையையும் அதில் எதிர்க்கலாம். பாவித்த சைக்கிள் என்றபடியால் அந்தக் காசுக்கு முதலில் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர உப்புக் காற்றும் மணலும் செயினை இழுத்துவிடும், இழுபட்ட செயின் பின்பல் எல்லாவற்றையும் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்றைக்காவது செங்கலடியில் திரும்பிக் கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் யோசனை இருந்தால் அப்போது 32 போடுங்கள். பிபிலைக்கு அப்பால், லுணுகலைப் பக்கம் ஏற்றம் தொடங்கியதும் 34-28இல் மணிக்கு 10 போனாலே கால் 65 சுற்றும். வேகம் எட்டுக்கு இறங்கினால் 52. அந்த இடத்தில் 32 கொஞ்சம் கைகொடுக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் பின் கியர் மாற்றி 32 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேளுங்கள், பழைய ரோட் சைக்கிள்களில் பலவற்றின் எல்லை 28தான். செயினும் சில கண்ணி நீளமாகத் தேவைப்படலாம்.